பிரிண்டர் வேஷம் கட்டிய அடாப்டர்: ஒரு மெக்கின்டாஷ் எஸ்இ, ஒரு பிகோ, கொஞ்சம் பட்டாசு லேபிள்கள்

சிவகாசியில் எனக்குப் பழக்கமான ஓர் ஆப்செட் அச்சகம். அதன் மாடியறை மூலையில், பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஒரு மெக்கின்டாஷ் எஸ்இ உட்கார்ந்திருக்கும். 1987-ல் ஆப்பிள் வெளியிட்ட மாடல். இவர்கள் கைக்கு 1992-ல் செகண்ட்ஹேண்டாக வந்தது. பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், தினசரி காலண்டர் அட்டை என்று ஏழெட்டு வருடம் அந்த 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரைதான் அவர்களுக்குச் சோறு போட்டது. பிறகு விண்டோஸ் வந்தது, மெக் மூலைக்குப் போனது. ஆனாலும் அச்சகத்துக்காரர் அண்ணாச்சி அதை எடைக்குப் போடவில்லை. மாதம் ஒருமுறை ஆன் செய்வார், 'பீப்' சத்தம் கேட்டதும் திருப்தியாகி அணைத்துவிடுவார்.

ஒரு பட்டாசுக் கம்பெனி வந்து, முப்பது வருடத்துக்கு முந்தைய தன் லேபிளை அதே எழுத்தில், அச்சு அசலாக மறுபடி கேட்டபோதுதான் வேட்டி விலகியது. பிலிம் இல்லை. பிளேட் எப்போதோ எடைக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது அந்த மெக்கின் ஹார்ட் டிஸ்க் மட்டும்.

"தம்பி, பெட்டியத் திறக்காம உள்ள இருக்கிறத எடுத்துத் தர முடியுமா? திறந்தா, மூடித் தர இப்ப ஆளு கிடையாது."

"பாக்கலாம் அண்ணாச்சி. பின்னாடி பிரிண்டர் வயர் மாட்டுற இடம் இருக்குல்ல, அது வழியா முயற்சி பண்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வயர் வழியாகப் பேச என்னிடம் அப்போது எதுவும் இல்லை. அதை எப்படிச் செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஏன் இந்தச் சுற்றுவழி

பழைய கணினி ஆட்கள் உடனே கேட்பார்கள்: ஃப்ளாப்பியில் எடுக்க வேண்டியதுதானே? எஸ்இ-யின் 800 கே ஃப்ளாப்பி டிரைவ், தலை எந்தத் தடத்தில் நிற்கிறதோ அதற்கேற்பத் தட்டின் சுழற்சி வேகத்தை மாற்றிக்கொள்ளும். பிசி டிரைவ்கள் ஒரே வேகத்தில் சுற்றுபவை. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் அந்தத் தட்டைப் போட்டால் அது வெறும் பிளாஸ்டிக். போதாக்குறைக்கு, இந்த மெக்கின் டிரைவில் கிரீஸ் இறுகிப்போய், உள்ளே போன தட்டு வெளியே வர மறுத்தது.

அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது. எஸ்இ-யின் முதுகில், வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டும் 25 முனை ஸ்கசி போர்ட் இருக்கிறது. எஸ்டி கார்டை ஹார்ட் டிஸ்க்காகக் காட்டும் சிறு போர்டுகள் இப்போது கிடைக்கின்றன. மாட்டி, இழுத்துப் போட்டு நகலெடுத்தால் ஒரு மாலையில் வேலை முடியாதா? முடியும். கோப்புகளை எடுப்பது மட்டும்தான் வேலை என்றால் இன்றும் அதைத்தான் செய்யச் சொல்வேன். எனக்கு அது அப்போது தோன்றாததற்குக் காரணம், கையில் ஒரு ராஸ்பெர்ரி பை பிகோ டபிள்யூ (வைஃபை உள்ள குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) சும்மா கிடந்ததும், லோக்கல்டாக் என்ற பழைய மெக் நெட்வொர்க் பற்றி நான் படித்துக்கொண்டிருந்ததும்தான். சுத்தியல் வைத்திருப்பவன் ஆணி தேடினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சுற்றுவழிதான் சரியான வழியாக முடிந்தது. என் முதல் திட்டம் மெக்கை வைஃபை வழியாக என் மடிக்கணினியோடு சேர்த்து, ஆப்பிளின் கோப்புப் பகிர்வு மென்பொருளான ஆப்பிள்ஷேர் மூலம் கோப்புகளை இழுப்பது. அச்சகத்துக்குப் போய் மெக்கில், பிரிண்டரையும் நெட்வொர்க்கையும் தேர்ந்தெடுக்கும் சூஸரைத் திறந்தேன். இரண்டே படங்கள்: இமேஜ்ரைட்டர், லேசர்ரைட்டர். ஆப்பிள்ஷேர் இல்லை. ஓடுவது சிஸ்டம் 6. கோப்புப் பகிர்வு கணினிக்குள்ளேயே அமைந்தது 1991-ல் வந்த சிஸ்டம் 7-ல்தான். ஆப்பிள்ஷேரை நிறுவ ஃப்ளாப்பி வேண்டும். ஃப்ளாப்பி கதையை மேலே சொன்னேன்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். கோப்பை எடுத்துதான் என்ன செய்யப்போகிறேன்? அது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பழைய கோப்பு. தமிழ் எழுத்துருவோ யுனிகோடுக்கு முந்தைய 8 பிட் வகை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதற்கு டாம், டாப் என்று ஒரு பொது ஏற்பாடு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித்தான் வந்தது. அதற்கு முன் 'க' எந்த எண்ணில் உட்காரும் என்பது எழுத்துரு செய்தவரின் விருப்பம். அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் கொக்கி கொக்கியாகக் குப்பைதான் வரும். அந்த லேபிளை அந்த லேபிளாகவே கோக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த மெக்தான். கோப்பைத் திருடி வருவதைவிட, மெக்கை விட்டே சொல்ல வைப்பது மேல். யாரிடம் சொல்லும்? பிரிண்டரிடம் சொல்லும். சூஸரில் லேசர்ரைட்டர் இருக்கிறதே!

1985-ல் வந்த லேசர்ரைட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி பேசும் பிரிண்டர். மெக் அதற்கு அனுப்புவது புள்ளிகள் அல்ல; கோடு இங்கே, எழுத்து இங்கே, எழுத்தின் வளைவு இப்படி என்று சொல்லும் ஒரு நிரல். பிரிண்டரிடம் இல்லாத எழுத்துருவாக இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்பும். நான் பிரிண்டர் வேஷம் போட்டு உட்கார்ந்தால், லேபிளும் எழுத்துருவும் ஒன்றாக என் மடியில் வந்து விழும்.

ஒயரில் நடக்கும் மரியாதை

லோக்கல்டாக் என்பது மெக்கின் பிரிண்டர் போர்ட்டிலேயே இருந்த நெட்வொர்க். வினாடிக்கு 230.4 கிலோபிட் வேகம். ஒரு பிட்டுக்கு 4.34 மைக்ரோசெகண்ட். மின்சார வகையில் ஆர்எஸ்-422, இரண்டு கம்பி. தனியாக நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லாமல், மெக்குக்குள் இருந்த ஸைலாக் 8530 சீரியல் சில்லே இந்த வேலையைச் செய்தது.

பிட்டுகள் எஃப்எம்-0 முறையில் போகும். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் கம்பியின் நிலை ஒருமுறை புரளும். பிட் 0 என்றால் நடுவிலும் ஒருமுறை புரளும். 1 என்றால் நடுவில் புரளாது. இதில் ஒரு சௌகரியம் உண்டு: புரள்கிறதா என்பதுதான் கணக்கு, மேலா கீழா என்பது கணக்கில்லை. ஆகவே இரண்டு கம்பியையும் மாற்றி மாட்டினாலும் ஒன்றும் கெடாது. இது தெரிந்திருந்தும், முதல் நாள் ஒன்றும் வேலை செய்யாதபோது நான் கம்பிகளை மூன்று தடவை மாற்றி மாற்றி மாட்டினேன். கை சும்மா இருக்காது.

அதன் மேலே ஃப்ரேம். 01111110 என்ற கொடி பைட்டில் தொடங்கி, பெறுநர் எண், அனுப்புநர் எண், வகை, சரக்கு, இரண்டு பைட் சரிபார்ப்பு, மறுபடி கொடி. சரக்குக்குள் தவறிக்கூடக் கொடி மாதிரி தோன்றாமலிருக்க, தொடர்ந்து ஐந்து 1 வந்தால் இடையில் ஒரு 0 செருகப்படும். பெறுபவர் அதைப் பிடுங்கிவிட வேண்டும்.

எண் கொடுக்க நிர்வாகி என்று யாரும் கிடையாது. மெக் எழுந்ததும் 1 முதல் 127-க்குள் ஓர் எண்ணைத் தானே தேர்ந்து, "இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் அது தன் எண். பிரிண்டர் போன்ற சேவை தருபவர்களுக்கு 128 முதல் 254 வரை. என் போலிப் பிரிண்டருக்கு 200 வைத்துக்கொண்டேன்.

பேசுவதற்கு ஒரு மரியாதை உண்டு. கம்பி 400 மைக்ரோசெகண்டாவது அமைதியாக இருக்க வேண்டும், அதன்மேல் தற்செயலாக இன்னும் கொஞ்சம் காத்திருந்து, "அனுப்பட்டுமா?" என்று ஒரு குட்டி ஃப்ரேம் விட வேண்டும். அடுத்த ஆள் 200 மைக்ரோசெகண்டுக்குள் "அனுப்பு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் சரக்கு. எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் ஃப்ரேமுக்கு மட்டும் இந்த "அனுப்பு" பதில் தேவையில்லை. இந்த 200 மைக்ரோசெகண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

கருவி

இந்த வழியில் நான் முதல் ஆள் அல்ல. டாஷ்டாக் என்ற திறந்த திட்டம், வெறும் 8 கால் உள்ள பிஐசி12எஃப்1840 சில்லை வைத்து முழு லோக்கல்டாக்கையும் பேசிக் காட்டியிருக்கிறது. எண்பதுகளில் ஒரு தனிச் சில்லு செய்த வேலையை நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலரின் மென்பொருள் செய்கிறது. நான் அதையே செய்து பயன்படுத்தியிருக்கலாம். எனக்கு வைஃபையும் அதே போர்டில் வேண்டியிருந்தது. மெக் இருந்தது மாடியில், பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, மேஜையில் மடிக்கணினி வைக்கவும் இடமில்லை.

பிகோ டபிள்யூவில் உள்ள ஆர்பி2040 சில்லில் இரண்டு கோர்கள். அதோடு பிஐஓ என்ற பகுதி இரண்டு: தலா நான்கு என எட்டுக் குட்டி இயந்திரங்கள். ஒவ்வொரு நான்குக்கும் சேர்த்து 32 கட்டளைக்குத்தான் இடம். ஆனால் கம்பியைத் துல்லியமான நேரத்தில் புரட்டவும் படிக்கவும் அதுவே தாராளம். சில்லு 125 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது ஒரு லோக்கல்டாக் பிட்டுக்குள் 540 சுழற்சிக்கு மேல் கிடைக்கிறது. பிகோவோடு வரும் மாதிரி நிரல்களிலேயே டிஃபரன்ஷியல் மான்செஸ்டர் என்று ஒன்று உண்டு. அதில் 1-க்கு நடுவில் புரளும், லோக்கல்டாக்கில் 0-க்குப் புரளும். பிட்டைத் தலைகீழாக்கி, வேகத்தை மாற்றினால் எஃப்எம்-0 தயார். கொடி தேடுவது, செருகிய 0-வைப் பிடுங்குவது, சரிபார்ப்பு எண் போடுவது எல்லாம் சி மொழியில்.

கம்பிப் பக்கத்துக்கு 3.3 வோல்ட் ஆர்எஸ்-485 சில்லு ஒன்று. மெக் பக்கத்துக் கேபிளுக்கு 8 முனை மினி-டின் பிளக் தேடி சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதியம் போனது. கிடைத்தது 4 முனை, 6 முனை. அச்சகத்துக்கு வெறுங்கையோடு வந்து பார்த்தால், மெக்கின் முதுகிலேயே பழைய பிரிண்டர் கேபிள் தொங்குகிறது! மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஒரு ஃபோன்நெட் டப்பா. ஆப்பிளின் கேபிள் விலை கட்டுபடியாகாத அலுவலகங்கள் சாதாரண டெலிபோன் ஒயரிலேயே லோக்கல்டாக்கை ஓட்டுவதற்காக ஃபாரலான் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு அது. டெலிபோன் பேச்சு நடு இரண்டு கம்பியில் போகும். ஃபோன்நெட் ஓரத்துக் கறுப்பு, மஞ்சள் கம்பிகளை எடுத்துக்கொள்ளும். டெலிபோன் ஒயர் ஒன்றை வெட்டி என் போர்டில் பற்றவைத்தேன். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை, பஸ் கட்டணம் தனி.

மடிக்கணினிப் பக்கம் பைத்தான் நிரல். இரண்டுக்கும் நடுவே லோக்கல்டாக் ஃப்ரேமை யுடிபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் எல்டூயுடிபி என்ற எளிய வழக்கம்: 239.192.76.84 என்ற பொது முகவரி, 1954 என்ற போர்ட். கடைசி இரண்டு எண்களும் 'எல்', 'டி' எழுத்துகளின் ஆஸ்கி எண்கள். பழைய மெக்கை இன்றைய கணினிக்குள் நடித்துக் காட்டும் மினி விமேக் என்ற எமுலேட்டரும் இதையே பேசும் என்பதால், உண்மையான மெக் பக்கத்தில் இல்லாமலேயே வீட்டில் உட்கார்ந்து போலிப் பிரிண்டரை எழுதி, எமுலேட்டரிலிருந்து அச்சடித்துச் சோதிக்க முடிந்தது. வீட்டில் எல்லாம் பிரமாதமாக ஓடியது. ரொம்ப நம்பிவிட்டேன்.

மூன்று சறுக்கல்கள்

முதல் சறுக்கல் கம்பியில். வீட்டு மேஜையில் இரண்டு பிகோக்களை நேரே இணைத்துப் பேசவைத்தபோது சுத்தமாக இருந்த சிக்னல், அச்சகத்தில் ஃபோன்நெட் டப்பாவை மாட்டியதும் யாரும் பேசாத நேரத்திலும் துடித்துக்கொண்டிருந்தது. நான் பயன்படுத்திய ஆர்எஸ்-485 சில்லுக்கு இரண்டு கம்பிக்கும் இடையே 200 மில்லிவோல்ட்டாவது வித்தியாசம் இருந்தால்தான் 1 என்றோ 0 என்றோ உறுதியாகச் சொல்ல வரும். யாரும் ஓட்டாத கம்பியில் வித்தியாசம் பூஜ்யம். அப்போது அது வாய்க்கு வந்ததை உளறும். இதற்கென்றே 470 ஓம் மின்தடை இரண்டு வைத்து ஒரு கம்பியை மேலேயும் மற்றதைக் கீழேயும் இழுத்து வைத்திருந்தேன். இரு முனையிலும் 120 ஓம் இருக்கும்போது கணக்குப்படி 198 மில்லிவோல்ட் கிடைக்கும். மேஜையில் அதுவே போதுமாக இருந்தது.

ஃபோன்நெட் டப்பாவுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதன் சுருள் கம்பிகளுக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. வேகமாகப் புரளும் சிக்னலுக்கு அது தடை. நான் கொடுத்த நிலையான இழுப்புக்கோ அது வெறும் செம்புக் கம்பி, ஏறக்குறைய ஷார்ட். மின்தடையை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை. பூஜ்ய வித்தியாசத்தையும் திடமாக 1 என்றே படிக்கும்படி எல்லைக்கோட்டை −50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வைத்துச் செய்த சில்லு வகை ஒன்று உண்டு. அதை வாங்கி மாற்றியதும் கம்பி அடங்கியது. ஒரு வாரம் இதிலேயே போயிற்று.

இரண்டாவதுதான் நான் மேலே சொன்ன 200 மைக்ரோசெகண்ட். மெக்கை ஆன் செய்து சூஸரில் லேசர்ரைட்டரைச் சொடுக்கினேன். வலதுபுறப் பட்டியலில் என் பிரிண்டரின் பெயர் வந்து நின்றது! அண்ணாச்சியைக் கீழேயிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காபி சொன்னார். காபி வருவதற்குள் ஒரு லேபிளைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டரைத் தேடுகிறேன் என்ற செய்தியோடு மெக் நின்றுவிட்டது. காபி ஆறியது. அது தேடிக்கொண்டே இருந்தது.

பெயர் தெரிகிறது, ஆனால் பேச முடியவில்லை. ஏன் என்று புரிய இரண்டு நாள் ஆனது. சூஸர் திறந்திருக்கும்போது மெக் "லேசர்ரைட்டர் யாராவது உண்டா?" என்று பொதுவாகக் கூவுகிறது, பொதுக்கூவலுக்கு "அனுப்பு" சொல்ல வேண்டியதில்லை. பதிலை அனுப்புவது நான். அனுப்பும்போது வேறு எந்த வேலையையும் தொடாமல் மெக்கின் "அனுப்பு"-க்காகவே என் நிரல் சுற்றிக்கொண்டிருந்ததால் அதுவும் சரியாகப் போயிற்று. ஆனால் பிரிண்ட் தொடங்கும்போது மெக் 200-ஆம் எண்ணுக்கு நேராகப் பேச வருகிறது: "அனுப்பட்டுமா?" அந்த நேரம் என் பிகோ வைஃபை வேலையில் மூழ்கியிருக்கிறது. அது நிமிர்ந்து "அனுப்பு" என்று சொல்வதற்குள் 200 மைக்ரோசெகண்ட் கடந்துவிடுகிறது. மெக் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்து, ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. எமுலேட்டரில் இது தெரியாததற்குக் காரணம் எளிது: யுடிபி வழக்கத்தில் இந்த "அனுப்பட்டுமா, அனுப்பு" சம்பாஷணையே கிடையாது. வீட்டில் நான் சோதித்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

லோக்கல்டாக்கை முழுக்க இரண்டாவது கோருக்கு மாற்றினேன். மடிக்கணினியிடம் கேட்காமலேயே, 200-ஆம் எண்ணுக்காக "அனுப்பு" சொல்லும் அதிகாரத்தை அந்தக் கோருக்குக் கொடுத்தேன். பெரும்பாலும் சரியானது, ஆனால் பத்தில் ஒரு தடவை இன்னமும் தவறியது. ஆர்பி2040 தன் நிரலை வெளியே உள்ள ஃப்ளாஷிலிருந்து, 16 கிலோபைட் கேஷ் வழியாகப் படிக்கிறது. கேஷ் இரு கோருக்கும் பொது. வைஃபை நிரல் அதை நிரப்பிவிட்டால், "அனுப்பு" சொல்லும் நிரலை மறுபடி ஃப்ளாஷிலிருந்து கொண்டுவர நேரம் பிடிக்கிறது. அந்தப் பகுதி முழுவதையும் ராமிலேயே தங்கவைத்த பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மெக்கின் 68000 சில்லு காட்டும் ஒழுங்கை 125 மெகாஹெர்ட்ஸ் சில்லால் காட்ட முடியவில்லை என்பது கொஞ்சம் அவமானம்தான். பழைய இயந்திரம் மெதுவானதாக இருக்கலாம். அதற்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது.

மூன்றாவது, வைஃபை. அச்சு தொடங்கியது, ஆனால் கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. பொது முகவரிக்குப் போகும் பாக்கெட்டுகளுக்கு வைஃபையில் பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். தூங்கும் சாதனம் ஒன்று இருந்தாலும், ரௌட்டர் அவற்றைச் சேர்த்துவைத்து இடைவெளி விட்டே வெளியிடும். தூங்கியது யார் என்று பார்த்தால் என் பிகோவேதான். அதன் வைஃபை சில்லு இயல்பாகவே மின்சாரம் சேமிக்கும் நிலையில் எழுகிறது. ஒரு பாக்கெட் போனால் என் பைத்தான் நிரல் மறுபடி கேட்க 15 நொடி காத்திருக்கும்படி நானே எழுதியிருந்தேன். மின்சேமிப்பை அணைத்து, பொது முகவரியை விட்டு மடிக்கணினியின் முகவரிக்கே நேராக அனுப்பி, 15 நொடியை 2 ஆக்கினேன். அதோடு சரி.

வேஷம்

ஒரு லேசர்ரைட்டர் மெக்கிடம் எப்படி நடந்துகொள்ளும்? முதலில் இணைப்பைத் திறந்துகொள்ளும். பிறகு பிரிண்டர்தான் கேட்கும்: "கொடு." மெக் 512 பைட் பொட்டலங்களாக, ஒரே மூச்சில் எட்டு வரை கொடுக்கும். எட்டில் மூன்றாவது தொலைந்தால், "மூன்றாவது மட்டும்" என்று கேட்கலாம். அதற்கு ஒவ்வொரு பிட்டும் ஒரு பொட்டலத்தைக் குறிக்கும் ஒற்றை பைட் போதும். 1980-களில் இவ்வளவு சிக்கனமாக யோசித்தவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது. இடையிடையே இருவரும் "உயிரோடிருக்கிறேன்" என்று தட்டிக்கொள்வார்கள்; இரண்டு நிமிடம் தட்டல் இல்லாவிட்டால் இணைப்பு செத்ததாக அர்த்தம்.

சிக்கல், மெக் கேள்வியும் கேட்கும் என்பது. உன்னிடம் என்னென்ன எழுத்துரு இருக்கிறது? என் அகராதி உன்னிடம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா? லேசர் பிரெப் என்ற அகராதியை முதல் வேலையின்போது பிரிண்டருக்குள் ஏற்றிவிட்டு, அதன்பின் வரும் வேலைகளை அந்த அகராதியின் சுருக்கச் சொற்களிலேயே அனுப்பும். பேஜ்மேக்கருக்குத் தனியாக ஆல்டஸ் பிரெப். ஓர் அலுவலகத்தில் இரண்டு மெக்குகளில் இரண்டு பதிப்பு லேசர் பிரெப் இருந்தால், ஒவ்வொன்றும் மற்றதின் அகராதியைக் கலைத்துத் தன்னுடையதை ஏற்றும். பிரிண்டர் நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருக்கும். அந்தக் காலத்து டிடிபி ஆட்களைக் கேட்டால் திட்டிக்கொண்டே சொல்வார்கள்.

எனக்கு அகராதி ஒவ்வொரு தடவையும் வேண்டும். இல்லாவிட்டால் பிடித்துவைத்த கோப்பு பொருள் தெரியாத சுருக்கெழுத்தாக நிற்கும். ஆகவே எல்லாக் கேள்விக்கும் என் பிரிண்டர் கையை விரித்தது. அகராதி இருக்கிறதா? இல்லை. எழுத்துரு? ஒன்றுகூட இல்லை. மெக்கும் சளைக்காமல் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் அனுப்பியது. எனக்குப் புரியாத வேறு கேள்விகள் வந்தபோதும் பிழைக்க வழி இருந்தது: போஸ்ட்ஸ்கிரிப்ட் வழக்கப்படி கேள்வியை முடிக்கும் வரியிலேயே, பதில் தெரியாதவர்கள் சொல்ல வேண்டிய பதிலும் இருக்கும். அதை அப்படியே திருப்பிச் சொன்னால் மெக் நகர்ந்துவிடும். தேர்வுத்தாளிலேயே விடை எழுதிக் கொடுத்த மாதிரி.

கிடைத்ததும் கிடைக்காததும்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்க்கில் இருந்த பேஜ்மேக்கர் கோப்புகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து "அச்சடித்தேன்". ஒவ்வொரு தடவை மெக்கை ஆன் செய்யும்போதும் தேதி 1904-க்குப் போயிருக்கும், மெக்கின் நெட்வொர்க் வசதியான ஆப்பிள்டாக்கும் அணைந்திருக்கும். உள்ளே உள்ள பாட்டரி செத்ததால் எதையும் நினைவு வைக்க மாட்டேன் என்கிறது. சூஸரில் போய் அதை மறுபடி உயிர்ப்பிப்பது என் காலைக்கடன் மாதிரி ஆகிவிட்டது.

வந்த போஸ்ட்ஸ்கிரிப்டை, அந்த மொழியைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் மூலம் பிடிஎஃப் ஆக்கினேன். நிறத்துக்கொரு பக்கம், நான்கு மூலையிலும் ரெஜிஸ்டர் மார்க், அன்றைக்கு பிலிம் எடுக்கக் கொடுத்தது போலவே. எழுத்துகள் கோட்டு வடிவங்களாக வந்ததால் எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறில்லை. அந்தக் காலத்தில் 300 டிபிஐ லேசர் தாளில் எடுத்துப் படம் பிடித்த அதே 'பட்டாசு', இப்போது கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்தில் 2400 டிபிஐ-யில் போகிறது. லேபிள் அன்றைக்கு அச்சானதைவிட இன்று சுத்தமாக வருகிறது என்பது நான் எதிர்பார்க்காத லாபம். ஆனால் பிடிஎஃப்-இலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் குப்பைதான். வடிவம் மீண்டது, உரை மீளவில்லை.

சில லேபிள்களில் தலைப்பு எழுத்து மட்டும் படிக்கட்டுப் படிக்கட்டாக வந்தது. அந்த எழுத்துருவுக்குத் திரையில் காட்டும் புள்ளி வடிவம் மெக்கில் இருக்கிறது, பிரிண்டருக்கான கோட்டு வடிவம் இல்லை. கிடைத்ததை வைத்து மெக் சமாளித்திருக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டபோது, பழைய பிரிண்டரோடு ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டி சேர்ந்திருந்தது என்றார். எழுத்துரு அதில்தான் இருந்திருக்கும். பிரிண்டரோடு அதுவும் எடைக்குப் போய்விட்டது. அவற்றைக் கையால் வரைந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது; என் பிகோவால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பியின் உச்ச வரம்பே வினாடிக்கு 28.8 கிலோபைட், அதில் முன்னும் பின்னும் மரியாதைக்குப் போனது போக மிச்சம்தான் சரக்கு. எங்கள் வேலையில் தாமதம் கம்பியில் அல்ல, பேஜ்மேக்கர் பக்கத்தைக் கோத்து முடிக்கும் வரை மெக் யோசிக்கும் நேரத்தில்தான்.

எல்லாம் முடிந்தபின் அண்ணாச்சியின் நிபந்தனையை ஒருமுறை மீறினோம். செத்த லித்தியம் பாட்டரி எந்த நாளும் கசிந்து போர்டைத் தின்றுவிடும் என்று விளக்கியதும் அவரே நீளமான டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வரவழைத்தார். பாட்டரி இன்னும் கசியவில்லை. எடுத்துவிட்டு மூடினோம். மூட ஆள் இருந்தது.

முதல் லேபிளை இன்றைய பிரிண்டரில் தாளில் எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, ஜன்னலோரம் போய், கொம்பு கொம்பாகப் பார்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்து எச்சரிக்கையில் விரல் நின்றது.

"குழந்தைகள் பெரியவர் மேற்பாவையில் வெடிக்கவும்... மேற்பாவையா? 'ர்' எங்கடே போச்சு? இத்தன வருசமா இத எவனும் பாக்கலையே!"

"திருத்திரவா அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்ட்டி என்ன கேட்டாரு? அச்சு அசலா வேணும்னாருல்ல. ஒரு வார்த்த அவர்ட்ட கேட்டுட்டுத் தொடு."